வெள்ளகவிக்கு ஏற்ற ஷூ

வட்டக்கானலைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தேன். கொடைக்கானல் எனக்குப் பின்னால் பனிக்குள் போய்விட்டது. காலில் இருந்தது என் ஷூ இல்லை. முதலாளி கொடுத்தது, ஒரு அளவு பெரியது. ஒவ்வொரு கல்லிலும் விரல்கள் முன்னால் போய் இடித்தன. வலி பரவாயில்லை. அதில் கீறல் விழுந்துவிடுமோ என்றுதான் பயம். போட்டோ எடுத்துவிட்டு அதைப் புதிதாகவே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. பண்ணைக்காட்டில் காபி பறித்தேன், லாட்ஜில் வெந்நீர் சுமந்தேன், ஜீப்புக்கு ஆள் கூப்பிட்டேன். எதிலும் நிலைக்கவில்லை. போனில் வேகமாகத் தமிழ் தட்டுவேன் என்பதால், ஒரு சாக்லேட் கடையின் மாடியில் இணையதளம் நடத்தியவர் என்னைச் சேர்த்துக்கொண்டார். படுக்கையும் அந்த மாடியில்தான்.

கொடைக்கானலைப் பற்றி மக்கள் என்ன தேடுகிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. அந்தச் சொற்களைக் கீவேர்டு என்பார்கள். ஒரு சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள், எத்தனை தளங்கள் அதற்கு ஏற்கெனவே எழுதியிருக்கின்றன என்று ஒரு மென்பொருள் காட்டும். நிறையப் பேர் தேடி, கொஞ்சப் பேர் எழுதிய இடமாகப் பார்த்து நாங்கள் உட்கார வேண்டும். முதலில் தேனிலவு விடுதிகள் என்றேன். பெரிய தளங்களுக்கு அடியில் எங்கள் பக்கம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அடுத்து, வீட்டில் செய்யும் சாக்லேட். அதற்கும் அதே கதி. சாப்பிட உட்கார்ந்தாலும் அந்த எண்கள்தான் கண்ணுக்குள் ஏறி இறங்கின.

மூன்றாவதாக அகப்பட்டது வெள்ளகவிக்கு ஏற்ற ஷூ. நடந்தே போக வேண்டிய ஊர், செங்குத்தான இறக்கம். அங்கே போக நினைப்பவர்கள் எந்த ஷூ நல்லது என்று தேடியிருந்தார்கள். பதில் எழுத ஆளே இல்லை. எங்கள் பக்கம் வழியாக ஷூ விற்றால் முதலாளிக்குக் கமிஷன்.

"இதுவும் கவுந்துச்சுன்னா வேற சோலி பாத்துக்க தம்பி" என்றார் அவர். "ஊருக்குள்ள ஷூவோட நிக்கிற மாதிரி போட்டோ வேணும். நாளைக்கே ஏத்தணும்."

இவ்வளவு நல்ல கீவேர்டை ஏன் ஒருவரும் தொடவில்லை? இறங்க இறங்க அதே யோசனை. எனக்கு ஏதாவது நல்லது நடப்பதுபோல் தெரிந்தாலே சந்தேகம் வந்துவிடும்.

ஊர் எல்லையில் ஒரு மரம், அதன் அடியில் சாமிக் கல். பக்கத்தில் ஒரு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார்.

"அதக் கழட்டிட்டு வாங்க தம்பி."

"எதுக்குக்கா?"

"ஊரே எங்களுக்குக் கோயிலு. இங்கன யாரும் காலுல மாட்ட மாட்டோம்."

இந்த ஊரைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் எல்லாம் என்னைப் போல ஏதோ ஒரு மாடியில் உட்கார்ந்தவர்கள் எழுதியவை. எந்த ஷூ என்றுதான் எல்லோரும் தேடினார்கள். ஷூ போடலாமா என்று யாரும் தேடவில்லை. தேடாததை மென்பொருள் காட்டாது.

"ஒரே ஒரு போட்டோக்கா. எடுத்துட்டு உடனே கழட்டிர்றேன்."

"யாரு போட்டோ?"

"ஷூவோடது."

அக்கா வீட்டுக்காரரிடம் திரும்பினார். "கேட்டீங்களா? செருப்பப் படம் புடிக்க மலை எறங்கி வந்திருக்காரு. பொண்ணு பாக்க வந்திருந்தாக்கூட ஒரு நியாயம்."

"பொண்ணு இருந்தாலும் குடுக்க மாட்டேன். புது ஷூவுலயே இந்த நொண்டு நொண்டுறான்."

சிக்னல் கிடைத்த பாறை மேல் ஏறி முதலாளியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"வெளிய நின்னு எடு, ஊருன்னு போட்டுக்கலாம்" என்றார்.

எல்லைக்கு வெளியே நின்று, பின்னால் கூரைகள் தெரிய எடுத்தேன். நன்றாகவே விழுந்தது. அதைப் பார்த்து வருகிறவர்கள் ஷூ போட்ட காலோடு உள்ளே நடப்பார்கள். இந்த அக்கா ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். எத்தனை பேர் கேட்பார்கள்? போனில் எழுதி வைத்திருந்த கட்டுரையின் தலையில் ஒரு வரி சேர்த்தேன்: ஊர் எல்லையில் ஷூவைக் கழற்றிவிட வேண்டும், உள்ளே வெறுங்கால்தான். போட்டோவோடு அனுப்பினேன்.

சிக்னல் வந்தது, போனது. போனை மேலே பிடித்துக்கொண்டு நின்றதில் கை மரத்துப்போனது. பிறகு அவர் குரல் வந்தது.

"ஏலே, ஷூ விக்கிற கட்டுரையில ஷூவக் கழட்டச் சொல்றியா? எவன்லே வாங்குவான்? அந்த வரிய எடு."

அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். அதை எடுத்துவிட்டால் படுக்க இடம் உண்டு.

"அது இல்லாம வேணாம்ணே."

"அப்ப நீயும் வேணாம். ஷூவ ஒப்படைச்சிட்டுப் பைய எடுத்துக்க."

பாறையிலிருந்து இறங்கியதும் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"படம் எடுத்தாச்சா?" என்றார் அக்கா.

"எடுத்தாச்சுக்கா. வேலைதான் போயிருச்சு."

அவர் வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குதிர ஓட்டுவியா?"

"தெரியாதுண்ணே."

"அதுக்கு வழி தெரியும். நீ கூட நடந்தாப் போதும். என்கூட வர்ற ஆளு கல்யாணத்துக்குப் போயிட்டான். காலைல வெள்ளனே வந்துரு."

அன்று குதிரைகள் கட்டும் கொட்டகையிலேயே படுத்தேன். காலையில் சந்தைக்குப் போகும் பட்டர் ஃப்ரூட் மூட்டைகளைக் குதிரைகள் மேல் ஏற்றி, முதலாளியின் ஷூவை அவற்றின் மேல் கட்டினேன். என் ரப்பர் செருப்பு சாக்லேட் கடை மாடியில் கிடந்தது. எல்லை மரத்தைத் தாண்டிய பிறகும் வெறுங்காலோடுதான், முன்குதிரையின் கயிற்றைப் பிடித்து வட்டக்கானல் பக்கம் ஏறத் தொடங்கினேன்.