தண்ணீர் இல்லை என்று ஒரு செய்தி

காலேஜ் முடித்த கையோடு எனக்கு நிருபர் வேலை கிடைத்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். தொல்லை அதற்குப் பிறகுதான். "எந்தப் பேப்பருய்யா? ஒண்ணு கொண்டா, பாப்போம்" என்று கேட்பார்கள். பேப்பர் கிடையாது. காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரின் மாடியில் ஓடிய இணையதளம் அது. இந்தப் பக்கத்துச் சேதிகளை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் இந்தப் பக்கத்து ஆட்கள் படிப்பார்கள். இங்கே இருக்கிற யாரும் அதைப் பார்த்ததில்லை. தொண்ணூறுகளின் கடைசி அது. தேவகோட்டையிலும் ஒருவர் இதேபோல் ஆரம்பித்துவிட்டார் என்று எங்கள் ஓனர் அண்ணன் பதறிக்கொண்டிருந்தார்.

நாள் பூராவும் சைக்கிள் மிதித்துச் சேதி பிடிப்பேன். பிள்ளையார்பட்டியில் கூட்டம், யார் வீட்டுக் கல்யாணம், யார் வீட்டில் கேதம். திரும்பி வந்து டைப் அடித்து ஏற்றும்போது போன் லைன் அறுந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்தால், எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று மலேசியாவிலிருந்து மெயில் வரும்.

சாக்கோட்டைக்கு அங்குட்டு இருக்கிறது எங்கள் ஊர். அந்தக் கோடையில் போர்வெல் மோட்டார் எரிந்துபோய், எங்கள் தெருக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அம்மா வயல்காட்டுக் கிணற்றுக்கு நடந்தாள். அதைச் செய்தியாகப் போடலாம் என்றேன்.

"யாருடா படிப்பா?" என்றார் அண்ணன். "உங்க தெருக்காரவுக கோலாலம்பூர்லயா இருக்காக?"

"பெரிய வீட்டுக்காரவுக இருக்காகண்ணே."

பெரிய வீடு என்றால் எங்கள் தெரு முனையில் பூட்டிக் கிடக்கும் செட்டியார் வீடு. அதற்குப் பங்காளிகள் பல ஊர்களில், பல தேசங்களில். அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போடச் சொன்னார்.

இரண்டு நாளில் சிங்கப்பூரிலிருந்து மெயில். 'நம் தெருவில் தண்ணீர் இல்லை என்று படித்து மனம் வருந்தினேன். உடனே ஏற்பாடு செய்கிறேன்.' அந்த வீட்டுப் பங்காளிகளில் ஒருவர் எழுதியிருந்தார். அன்றைக்கே தெருவில் சொல்லிவிட்டேன். புது மோட்டார் வரப்போகிறது என்றே சொன்னேன்.

நாள் போனதே தவிர மோட்டார் வரவில்லை. தெருவில் தலை நிமிர்ந்து போக முடியவில்லை. "ஏப்பா, கம்ப்யூட்டர்ல தண்ணி தொறந்துட்டாகளா? குடத்த எங்குட்டு வைக்கணும், சொல்லு" என்று எதிர்வீட்டு அத்தை கேட்பாள். பெண்கள் சிரிப்பார்கள். அம்மா சிரிக்காமல் நடப்பாள்.

ஒரு விடிகாலையில் லாரிச் சத்தம் கேட்டது. தண்ணீர் லாரி. தெருவே குடத்தோடு ஓடியது. லாரி எங்களைத் தாண்டிப் போய்ப் பெரிய வீட்டின் பின்வாசலில் நின்றது. பூட்டு திறந்திருந்தது. உள்ளே வெள்ளையடித்திருந்தார்கள்.

"நாளைக்குப் படைப்பு தம்பி" என்றார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். படைப்பு என்றால் செத்துப்போன முன்னோருக்குச் சமைத்துப் படைத்துக் கும்பிடுவது. பங்காளிகள் எங்கே இருந்தாலும் அதற்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். "அத்தன பேரும் வாராக, குளிக்க வேணாமா? தெருவுல தண்ணியில்லன்னு சிங்கப்பூர்லயே தெரிஞ்சு போன் பண்ணிட்டாக. நல்ல வேளை, எப்படியோ தெரிஞ்சிருக்கு."

"எங்க தெருவுக்கும் கொஞ்சம் விடச் சொல்லுங்கய்யா" என்றேன்.

"தொட்டியெல்லாம் ரொம்பட்டும். மிச்சமிருந்தா பாப்போம்."

வெயில் ஏறும்வரை நின்றோம். வீட்டுக்கு ஒரு குடம் கிடைத்தது. எதிர்வீட்டு அத்தை தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்காமல் போனாள். அவள் கேலி பண்ணியிருந்தால் தேவலை என்று இருந்தது.

படைப்பு அன்றைக்கு அண்ணன் கேமராவைக் கொடுத்து அனுப்பினார். எழுதிக் கொடுத்தேன். கடைசி வரியில், தெருவில் இன்னும் தண்ணீர் வரவில்லை என்று சேர்த்திருந்தேன். அண்ணன் அதை வெட்டவில்லை. அப்படியே ஏற்றினார்.

அந்தச் செய்திக்கு வந்த அளவுக்கு மெயில் வேறு எதற்கும் வந்ததில்லை. மறுநாள் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டாள்.

"என்னய்யா சொல்றாக?"

"எல்லாரும் படைப்புப் படம் கேக்குறாகம்மா."

"தண்ணியப் பத்தி?"

"யாரும் கேக்கல."

அம்மா சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். "சரி, அந்தச் சின்னக் குடத்த எடுத்துக்கிட்டு வா" என்றாள். இருட்டுவதற்குள் கிணற்றுக்குப் போய்த் திரும்ப வேண்டும்.