கொப்பைத் தூக்காதே

வெர்லின் ட்வைட்டிடம் உடைந்துபோன எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அது ஓடும் நிலையில்தான் திரும்பி வரும். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் மிசௌரி ஆற்றை ஒட்டிய அந்தச் சின்ன ஊரில் பனி தள்ளும் வண்டிகளை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் அவன் வேலை. ஊரார் தண்ணீர்ப் பம்பு, தையல் மெஷின், ஒரு தடவை தேவாலயத்து ஆர்கனைக்கூட அவன் கொட்டகையில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பேச்சு குறைவு. வீட்டில் இரண்டு பேருக்குமான பேச்சையும் அவன் மனைவி மார்லிஸே பேசிவிடுவாள்.

மான் வேட்டையிலும் அவள்தான் கெட்டிக்காரி. காற்று பலமாக அடிக்கும் நாளில் மற்றவர்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மார்லிஸுக்கு அப்போதுதான் கால் நிற்காது.

"காத்து அடிச்சாதான்யா மானுக்குக் காது அடைச்சுப்போகும். ஒதுக்குப்புறமாப் பாத்துப் படுத்துக்கிடும். நீ யானை மாதிரி நடந்து போனாக்கூட அதுக்குத் தெரியாது" என்பாள்.

அந்த நவம்பர் சனிக்கிழமையும் அப்படித்தான் கிளம்பினார்கள். வண்டிக் கதவைத் திறந்தால் கையோடு பிய்த்துக்கொண்டு போகும் காற்று. வழக்கமான ஏற்பாடுதான். ஓடைப் பள்ளத்தின் அடியில், காட்டன்வுட் மரங்களுக்குக் கீழே மார்லிஸ் உட்காருவாள். வெர்லின் மேட்டைச் சுற்றி எதிர்காற்றில் மெதுவாக நடந்து வருவான். அவன் கண்ணுக்குத் தப்பும் மான் அவளிடம் போய் மாட்டும்.

"தூங்கிடாத" என்றான்.

"நீ மொதல்ல குறி தப்பாமச் சுடு கிழவா. போன வருஷம் வேலிக்கம்பத்தச் சுட்டியே, அத மாதிரி இல்லாம."

மேட்டின் மறுசரிவில், காற்றுப் படாத புல்லில் ஒரு பெரிய கலைமான் படுத்திருந்தது. கல்லெறியும் தூரம்கூட இல்லை. அவன் வந்தது அதற்குத் தெரியவே இல்லை. ஒரே குண்டு.

சுட்ட சத்தம் கேட்டால் மார்லிஸ் எழுந்து வந்துவிடுவாள். கொம்பில் எத்தனை கிளை என்று எண்ணிவிட்டுத்தான் வேறு பேச்சு. அன்றைக்கு வரவில்லை. காற்றில் காதில் விழுந்திருக்காது என்று நினைத்துக்கொண்டான். கத்தியை எடுத்து, வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்து, கையைப் புல்லில் துடைத்து, நிதானமாக எல்லாம் செய்தான். ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தான்.

பள்ளத்தில் இறங்கியபோது முதலில் அவளுடைய ஆரஞ்சுத் தொப்பிதான் கண்ணில் பட்டது. முள்வேலியில் சிக்கிப் படபடத்துக்கொண்டிருந்தது. அப்புறம்தான் முறிந்து விழுந்திருந்த மரக்கொப்பைப் பார்த்தான். ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். அதற்கடியில் மார்லிஸ் இடுப்புக்குக் கீழே புதைந்து கிடந்தாள்.

"கூப்ட்டேன்" என்றாள். "கத்திக் கத்தித் தொண்டை போச்சு. நீ சுட்டதுக்கு முன்னாடியே விழுந்துருச்சு."

அவன் தோளைக் கொடுத்துத் தள்ளினான். காய்ந்த கட்டை ஒன்றைக் கொண்டுவந்து நெம்பினான். கட்டைதான் ஒடிந்தது. கொப்பு அசையக்கூட இல்லை.

"எத்தன கிளை?" என்று கேட்டாள்.

"எண்ணல."

"எண்ணாம என்னய்யா பண்ணின இவ்ளோ நேரம்?"

பள்ளத்தில் போன் எடுக்காது. தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்திவிட்டு மேட்டுக்கு ஓடினான்.

"சார், காத்துச் சத்தம்தான் கேக்குது. எங்க இருக்கீங்க? சார்?" அவசர உதவிப் பெண்ணின் குரல் வந்து வந்து போனது. அவன் தரையில் குப்புறப் படுத்து, சட்டையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, ஊர் பெயரையும் ஓடையின் பெயரையும் மார்லிஸின் பெயரையும் கத்தினான். அந்தப் பெண்ணுக்குக் கேட்டுவிட்டது. ஆனால் ஹெலிகாப்டர் வராது என்றாள். இந்தக் காற்றில் எடுக்க மாட்டார்கள்.

முதலில் வந்தது ஊர் ஆம்புலன்ஸ். அதில் சம்பளமில்லாமல் உதவிக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஊர்க்காரர்கள்தான். தானியக் கிடங்கில் வேலை பார்க்கும் கார்லா முதலுதவிப் பையோடு இறங்கினாள். பக்கத்துப் பண்ணை டெல்பர்ட், மரம் அறுக்கும் மெஷினோடு ஓடிவந்தான். அவன் கயிற்றை இழுத்து மெஷினைக் கிளப்பியதும் வெர்லினுக்கு உயிர் வந்தது.

"நிறுத்து டெல்பர்ட்! கொப்பத் தூக்காத!" என்று கார்லா கத்தினாள்.

வெர்லின் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "என்ன சொல்ற நீ?"

அவள் அவனைத் தள்ளிக் கூட்டிப்போய்க் காதோடு சொன்னாள். "ரொம்ப நேரமா நசுங்கிக் கெடந்த காலு வெர்லின். இப்பக் கொப்ப எடுத்தா அங்க கெட்டுப்போனதெல்லாம் ரத்தத்துல கலந்து நெஞ்சுக்கு ஏறிடும். அந்த நிமிஷமே போயிடுவா. மொதல்ல நரம்புல மருந்து ஏத்தணும். அது என்கிட்ட இல்ல. டவுன்லருந்து ஆள் வண்டியில வந்துட்டிருக்காங்க."

"எப்ப வருவாங்க?"

"வருவாங்க."

டெல்பர்ட் மெஷினை அணைத்துப் புல்லில் வைத்தான். அதற்கப்புறம் யாருக்கும் ஒரு வேலையும் இல்லை. அறுக்க மெஷின் இருந்தது, தூக்க ஆள் இருந்தது, ஒருவரும் கை வைக்கக்கூடாது. வெர்லின் அவளுக்கும் காற்றுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது. மேலே மரங்கள் கிறீச்சிட்டன. ஒவ்வொரு சத்தத்துக்கும் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"வெர்லின்."

"இருக்கேன்."

"இவங்கெல்லாம் எதுக்கு வேடிக்க பாத்துட்டு நிக்கிறாங்க? தூக்கச் சொல்லேன்."

"சொல்றேன்."

"எல்லாத்தையும் சரி பண்ணுவியே. இதப் பண்ணு."

அவன் அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த பட்டைத் தூளை ஒவ்வொன்றாக எடுத்தான். எடுக்க எடுக்கக் காற்று இன்னும் கொண்டுவந்து கொட்டியது. கொஞ்ச நேரத்தில் அவள் கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

டவுன் ஆட்கள் வந்து மருந்து ஏற்றிய பிறகுதான் மெஷின் மறுபடி ஓடியது. கொப்பைத் தூக்கியபோது வெர்லின் கண்ணை மூடிக்கொண்டான். அவள் சாகவில்லை.

ஆனால் வலது கால் போனது. சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் அவளை வண்டியில் ஏற்றி, ரத்தம் சுத்தம் பண்ணும் இடத்துக்கு ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஓட்டிப்போக வேண்டியிருந்தது. அங்கே மெஷினுக்குப் பக்கத்தில் வெர்லின் உட்கார்ந்து, அதன் சக்கரங்கள் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் அதன் அலாரம் கூவியபோது கையை நீட்டிவிட்டான். "சார், அதத் தொடாதீங்க" என்றாள் நர்ஸ்.

அன்றைக்குச் சுட்ட மானை டெல்பர்ட் இழுத்துவந்து, வெட்டி, வெள்ளைத் தாளில் பொதிந்து கொண்டுவந்து கொடுத்திருந்தான். மார்லிஸுக்கு உப்புப் போட்டு உலர்த்திய மான்கறி என்றால் உயிர். உப்பே கூடாது என்றுவிட்டார் டாக்டர். பொட்டலங்கள் குளிர்ப்பெட்டியின் அடியில் அப்படியே கிடந்தன. அவனால் தின்னவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை.

அடுத்த நவம்பரில் ஒருநாள் காலையிலேயே காற்று பிடித்துக்கொண்டது.

"போயேன் வெர்லின். என் மூஞ்சியவே எத்தன நாள் பாப்ப?" என்றாள் மார்லிஸ்.

"வேண்டாம்."

"எனக்காகப் போ."

போனான். பள்ளத்துக்கு மேலே வண்டியை நிறுத்தினான். காற்றில் வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. சரிவில் நாலைந்து மான்கள் புல்லோடு புல்லாகப் படுத்திருப்பது வண்டிக் கண்ணாடி வழியாகவே தெரிந்தது. கதவுப் பிடியில் கை வைத்தான். திறக்க முடியவில்லை. மத்தியானம்வரை அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினான்.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள் மார்லிஸ். "பாத்தியா எதையாவது?"

"ஒண்ணும் கண்ணுல படல."

அவள் குனிந்து அவன் பூட்ஸைப் பார்த்தாள். ஒரு முள்கூட ஒட்டியிருக்கவில்லை. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். ஏதோ கிண்டல் வாய்வரைக்கும் வந்தது போலிருந்தது.

வெளியே கொட்டகைத் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது. மார்லிஸ் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய் டிவி சத்தத்தைக் கூட்டினாள். வெர்லின் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.