எட்ட உருட்டிய வெள்ளைப் பந்து

ஓசூரில் எங்கள் தொழிற்சாலைப் புல்தரையில் லான் பவுல்ஸ் ஒற்றையர் தேர்வு. வெல்பவருக்கு மாநில அணியில் இடம். எதிராளி என் ஷிஃப்ட் நண்பர் ரஹீம் பாய்.

சுற்றை வென்றவர் அடுத்த சுற்றுக்குச் சின்ன வெள்ளைப் பந்தை விரும்பிய தூரத்துக்கு உருட்டுவார். அதன் அருகே இருவரும் பெரிய பந்துகளை உருட்டிச் சேர்க்க வேண்டும். தூரம் கூடினால் காலை எட்டி வைத்து முட்டியை நன்றாக மடக்க வேண்டும். முதல் சுற்றை வென்ற நான், அதன்பின் வென்ற ஒவ்வொரு முறையும் வெள்ளைப் பந்தைக் கடைக்கோடிக்கே உருட்டினேன்.

"கிட்டக்க ஒண்ணு போடேன்ப்பா," என்று சிரித்தார்.

"ரூல்ஸ்ல இடமிருக்கு பாய்."

ஆறாம் சுற்றில் குனிந்தவரால் எழ முடியவில்லை. கைகொடுக்கப் போனேன்.

"முட்டி வலின்னு உன் ஒருத்தன்கிட்டதான சொன்னேன்," என்றார்.

எல்லாவற்றையும் நாட்குறிப்பில் தேதியிட்டுக் குறிப்பவன் நான். அன்றைய பக்கத்தில் புள்ளிகளை மட்டும் எழுதினேன். அவர் பெயரை எழுதக் கை வரவில்லை.