உடைந்த அரத்தில் அடித்த கவ்வாத்துக் கத்தி

தை பிறந்ததும் நாங்கள் மூன்று பேர் கண்டிக்குப் புறப்பட்டோம். ஊரில் மழை பொய்த்துவிட்டது. கோப்பித் தோட்டங்களில் பழம் பறித்து முடித்து, செடி கழிக்கும் கவ்வாத்து வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி. நான், என் தங்கை வள்ளி, அவள் புருஷன் முத்தன். முத்தன் கொல்லன், சுத்தியலையும் துருத்தியையும் சுமந்துகொண்டுதான் வந்தான். இதே வழியில் வர நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். இனிப்பாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

மன்னாரில் இறங்கினால் காட்டுப் பாதை. வழி கேட்க ஆள் தேடாதீர்கள். முன்னால் போனவர்களின் எலும்பு ஓரமாகக் கிடக்கும், அதுதான் அடையாளம். மாத்தளையிலிருந்து கண்டி பதினாறு மைல். அந்தப் பதினாறு மைலில்தான் வள்ளிக்குக் காய்ச்சல் கண்டது. கண்டியைத் தாண்டியதும் பேராதனைப் பாதையோரம் ஒரு மாட்டுக் கொட்டகையில் படுக்க வைத்தோம்.

தோட்டம் இன்னும் ஆறு மைல், செங்குத்து. அவளால் எழுந்து உட்காரவே முடியவில்லை. ஆள் சேர்க்க வந்த கங்காணி துருத்தியைப் பார்த்தார்.

"கொல்லனா நீ? நல்லதா ஒரு கவ்வாத்துக் கத்தி அடிச்சுக் காட்டு, தொரைகிட்ட சொல்லிப் பட்டறையில சேத்துவிடுறேன். பட்டறை ஆளுன்னா குடும்பத்த ஏத்த வண்டி வரும். மத்தவங்க நடந்துதான் வரணும்."

வண்டி கிடைத்தால் வள்ளி பிழைப்பாள் என்று நம்பினோம்.

கோப்பிக் கிடங்கின் பின்னால், பழம் உரிக்கும் மெஷினைப் பழுதுபார்த்தவர்கள் வீசிய குப்பையில் உடைந்த அரம் ஒன்று, இரண்டு துண்டாகக் கிடந்தது. அரம் நல்ல உருக்கு. முத்தன் ஒரு துண்டைச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டான். பிறகு பல் மறைய அடித்து, நுனியைக் கிளிமூக்காக வளைத்தான். கடைசியில் மறுபடி காய்ச்சி வெதுவெதுப்பான நீரில் தோய்க்க வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரே சட்டி. அதில் வள்ளிக்குக் கஞ்சி இருந்தது.

"ஓடையிலயே தோய்ச்சிரலாம் மச்சான். கஞ்சியக் கொட்ட வேணாம்," என்றான்.

மலைத் தண்ணீர், அதுவும் தை மாதம். கத்தியை விட்டதும் 'டிக்' என்றது, குறுக்கே விரிசல். எங்கள் ஊர்த் தண்ணீர் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை. முத்தன் அப்படியே குந்திவிட்டான். அந்த ஓடை மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

மறுநாள் முழுக்க அடுத்த துண்டை அடித்தான். தோய்க்கும் நேரம் வந்தபோது அவன் சட்டி கேட்கவில்லை. நான்தான் கொடுத்தேன். வள்ளியின் வாயில் ஊற்றிய கஞ்சி கடைவாயில் வழிந்துகொண்டிருந்தது. மிச்சத்தைக் கொட்டிவிட்டு வெந்நீர் வைத்தேன். கத்தி விரிசல் விடாமல் வந்தது. விடிவதற்குள் வள்ளி போய்விட்டாள்.

பிடி போட்ட அந்தக் கத்தியால் முத்தன் முதலில் வெட்டியது பாடைக்கு மூங்கில்.

அடக்கம் முடித்துத் திரும்பும்போது கங்காணி எதிரே வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. கத்தியை வாங்கி ஒரு கிளையை அரிந்து பார்த்தார்.

"பிரமாதம்டா! சாயங்காலம் வண்டி வரும், பொண்டாட்டிய ஏத்திக்க."

"வேணாங்க," என்றான் முத்தன். "நாங்க நடந்தே வர்றோம்."

வருகிறவர்களுக்கு: கம்பளி கட்டாயம். காய்ச்சல் கண்டால் கண்ட இடத்திலேயே தங்கிவிடுங்கள். தொழில் தெரிந்தவர்கள் கருவியை மட்டும் சுமந்தால் போதும், உருக்கு இங்கே குப்பையிலேயே கிடைக்கிறது. சட்டி மட்டும் இரண்டாகக் கொண்டு வாருங்கள்.