முத்தையா அண்ணன் பெயர் சொல்லாத பயம்

எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? கொழும்பில் வேலை செய்கிற, நம் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பிறந்த பிள்ளைகள், மஸ்கெலியாவில் வாழ்க்கைப்பட்ட பெண்கள், எல்லோரையும்தான் கேட்கிறேன். கழுத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். என் கழுத்தில் ஒரு கட்டி இருக்கிறது. முத்தையா அண்ணனுக்கு இருந்த அதே இடத்தில்.

அண்ணன் போன செய்தி வந்தபோது கோயில் வாசலில் தண்ணீர்க் குழாயைத் திருத்திக்கொண்டிருந்தேன். அந்தக் குழாயைப் பற்றியே ஒரு நாள் முழுக்கப் பேசலாம். தோட்டத்துத் துரை மாறும்போதெல்லாம் புதுக் குழாய் வரும் என்பார்கள், புதுத் துரைதான் வருவார். அதை விடுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் மனைவி லெட்சுமி அக்கா போனில் பேசினார். "ஒங்க அண்ணன் போயிட்டாருப்பா." என் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

தேயிலைச் செடியின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டிய மனிதர் அண்ணன். நமக்கெல்லாம் பயம் எடுக்கிறவரும் அவர்தான். ஒருவர் திடுக்கிட்டுப் போனால் அந்தப் பயம் உடம்புக்குள் இறங்கி, காய்ச்சலாகவோ கட்டியாகவோ உட்கார்ந்துவிடும் என்பார். கவ்வாத்துக் கத்தியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, எதைக் கண்டு பயந்தாய் என்று கேட்பார். பெயரைச் சொன்னதும் கத்தியைத் தண்ணீரில் முக்கி, அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார்.

கொழுந்து பறிக்கப் போன புஷ்பம் சிறுத்தைப் புலியைப் பார்த்து வாயடைத்துப்போனாள் அல்லவா? அண்ணன் அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். "பேரச் சொல்லும்மா. பேர் சொல்லாத பயம் எறங்காது." பொழுது சாய்கிற நேரத்தில் "புலிண்ணே" என்று அழுதாள். கத்தி சீறியது. மறுநாள் அவள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள்.

பார்த்துக்கொண்டிருந்த கங்காணி சும்மா இருப்பாரா? "எனக்கும் ஒரு கத்தி காய்ச்சுங்கண்ணே. வீட்டுக்காரியக் கண்டா கை நடுங்குது."

"அதுக்கு ஃபெக்டரி பொயிலர்லதான்டா கத்தியப் போடணும்!"

போன மழையில் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தபோது அண்ணனும் நானும் ஒரே கூரைக்கடியில் நின்றோம். பிறகுதான் அவருக்குக் கட்டி வந்தது. ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று அக்கா கெஞ்சினார். "மண்ணு சரிஞ்ச பயந்தான் இங்கன உக்காந்திருக்கு" என்று சொல்லி, அண்ணன் என்னைக் கத்தி காய்ச்ச வைத்தார்.

"எதக் கண்டு பயந்தீங்கண்ணே?"

"மலையக் கண்டு."

முக்கினேன். குடித்தார். கட்டி வளர்ந்தது. எத்தனை தடவை கேட்டாலும் மலை, மலை என்றே சொன்னார். எச்சில்கூட இறங்காத நிலையில்தான் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். முன்னமே கூட்டி வந்திருக்கலாமே என்றார் டாக்டர்.

அண்ணன் என் கையை இழுத்தார். "பொய் சொல்லிட்டேன்டா. மல இல்ல. இந்த ஆஸ்பத்திரிக் கட்டிலக் கண்டுதான் பயம். எங்கப்பன் இப்பிடி ஒண்ணுலதான் கெடந்து செத்தாரு."

காரியம் முடிந்ததும் கத்தியை அக்கா என்னிடம் கொடுத்துவிட்டார். இன்று காலையில் எனக்காக அதைக் காய்ச்சினேன். எதைக் கண்டு பயம் என்று நானே கேட்டுக்கொண்டேன். மலை என்று சொல்ல வாயெடுத்தபோது அண்ணன் முகம் வந்தது. "ஆஸ்பத்திரி" என்றேன். கத்தியை முக்க மறந்துவிட்டேன்.

"யாரோட மாமா பேசுறீங்க?" பின்னால் மருமகள் நின்றாள். சட்டைக் காலரை இறக்கிக் காட்டினேன். அவள் அடுப்பை அணைத்தாள், குடையை எடுத்தாள்.

இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸுக்காக ரோட்டோரத்தில் நிற்கிறோம். அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப்போவது கத்தியை அல்ல, அந்தக் கேள்வியை. உங்களை யாராவது அப்படிக் கேட்டால் முதல் தடவையே உண்மைப் பெயரைச் சொல்லிவிடுங்கள். டாக்டர் அம்மா கேட்டால் நான் முதலில் சொல்லப்போவது...

"மாமா! பஸ்ஸு வந்துருச்சு. என் கையப் புடிங்க!"