இரண்டாவது முறை எறிந்த கயிறு

படகுத்துறையின் கோடியில், எஞ்சின் எண்ணெய் வாடை அடிக்கும் நீளமான அறையில் அவர் தையல் இயந்திரம் போட்டிருந்தார். படகு இருக்கைகளுக்கு உறை, வெயில்மறைப்பு, பழைய லைஃப் ஜாக்கெட்டுகளுக்குப் புதுப் பட்டை என்று இருபது வருடமாக அதே வேலை. துறையில் எல்லாருக்கும் அவர் பட்டை அக்கா. எந்த ஜாக்கெட் கைக்கு வந்தாலும், தொடைகளுக்கு நடுவே கொடுத்து முன்பக்கம் மாட்டும் பட்டை ஒன்றைச் சேர்த்துத் தைக்காமல் திருப்பித் தரமாட்டார். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே ஏறிக் காதை மூடும், ஆள் கீழே இறங்கிவிடுவார் என்பார். இத்தனைக்கும் அவருக்கு நீச்சல் தெரியாது. படகில் ஏறியதும் இல்லை.

சனிக்கிழமைகளில் சின்ன மோட்டார் படகில் சுற்றப்போகும் பல் டாக்டர் அந்தப் பட்டையைப் பார்த்துச் சிரித்தார். “என்னக்கா, எனக்குக் கோவணம் கட்டி விடுறீங்களா?”

“கட்டிக்கிட்டே போங்க சார். தண்ணியில யாரு பார்க்கப் போறா?”

முனகினாலும் டாக்டர் மாட்டிக்கொண்டார்.

பிறகு அவர் படகுக்கு அக்கா புது வெயில்மறைப்பு தைத்தார். வேகமாகப் போனால் துணி படபடவென்று அடித்தது. எந்த மூலை தளர்கிறது என்பது படகு ஓடும்போது பார்த்தால்தான் தெரியும். வேறு வழியில்லாமல் அக்கா ஏறினார், தன் ஜாக்கெட்டின் பட்டைகளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு. டாக்டர் எஞ்சினிலிருந்து வரும் சுருள் கயிற்றைத் தன் காலில் மாட்டினார். ஓட்டுபவர் விழுந்தால் அது பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும்.

கரை சின்னதாகத் தெரிந்த இடத்தில் பெரிய படகு ஒன்று விரைந்து கடந்தது. டாக்டர் ஒரு கையால் ஓட்டியபடி, மறு கையால் துணியின் கொக்கியை எட்டிப் பிடித்த நேரம், அதன் அலை பக்கவாட்டில் மோதியது. தலைகுப்புற விழுந்தார். எஞ்சின் சட்டென்று அடங்கியது.

அக்கா படகின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். டாக்டர் மிதந்தார். ஆனால் அவர் நீந்தி நெருங்க நெருங்க, காற்று படகைத் தள்ளிக்கொண்டே போனது.

“அக்கா, நிக்காதீங்க, மண்டி போடுங்க. அந்த மஞ்சப் பையை என்கிட்ட எறிங்க.”

அந்தப் பையைத் தைத்ததே அக்காதான். உள்ளே மிதக்கும் கயிறு. அதன் ஒரு முனையை அந்தக் கம்பியில் முடிந்துவிட்டுப் பையை எறிந்தார். பை பாதித் தூரத்தில் விழுந்தது.

“பரவாயில்ல, இழுத்துட்டு மறுபடியும் எறிங்க. அவசரமே இல்ல,” என்றார் டாக்டர், பல் பிடுங்கும்போது பேசும் அதே நிதானத்தோடு.

அக்கா கயிற்றை இழுத்துக் காலடியில் குவித்தார். பையில் தண்ணீர் புகுந்து கனத்திருந்தது. இந்த முறை அது டாக்டரின் தலையைத் தாண்டி விழுந்தது. கயிறு அவர் தோள்மேல் கிடந்தது; இறுகப் பிடித்துக்கொண்டார். அக்கா உள்ளங்கை எரிய எரிய இழுத்தார். பின்பக்க ஏணியை இறக்கினார். டாக்டர் ஏறிவந்து மல்லாந்து படுத்தார்.

தொடைப் பட்டையைத் தட்டிக் காட்டி, “ஒரு அங்குலம்கூட மேல ஏறலக்கா அந்த ஜாக்கெட்,” என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மறுநாள் டாக்டரின் மனைவி அறைக்கு வந்தார். பள்ளி ஆசிரியை. அக்காவின் தோலுரிந்த உள்ளங்கைகளைத் தன் கைகளில் ஏந்திக்கொண்டார். “உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலக்கா.”

“எத்தனையோ பேரு இந்த வாசல் தாண்டினதும் ஜாக்கெட்டைக் கழட்டிச் சீட்டுக்கடியில போட்டுடுறாங்க. சார் கிண்டல் பண்ணாரு, ஆனா போட்டுக்கிட்டாரு. நான்தான்மா அவருக்கு நன்றி சொல்லணும்.”

ஆசிரியை விடவில்லை. “அப்படின்னா வாங்க, நீச்சலாவது சொல்லித் தர்றேன்.”

ஐம்பதை நெருங்கும் வயதில் அக்கா இடுப்பளவுத் தண்ணீரில் ஆசிரியையின் கைகளைப் பிடித்துக்கொண்டு காலடித்தார். மூன்றாவது வாரம் ஆசிரியை சொல்லாமல் கையை விட்டார். நாலைந்து கஜம் போன பிறகுதான் அக்காவுக்கு அது தெரிந்தது.