மக்டலீன் மிசியின் நாற்பது வாளி

மருத்துவிச்சி மக்டலீன் மிசியின் வாழைகள் ஏன் அப்படிக் குலை தள்ளுகின்றன என்பதற்கு, தொண்ணூற்றொன்றாம் ஆண்டில் எங்கள் வாசிகசாலையில் ஒரு விளக்கம் இருந்தது. சொன்னவர் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஆழ்வாப்பிள்ளை.

"உதென்ன உரப்பசளை எண்டு நினைக்கிறீர்? மிசி கலைச்சுக் குடுக்கிறதெல்லாம் உந்த வாழையடியிலைதான் புதைபடுது. பண்டத்தரிப்பு முழுக்க வாழை வாடிப்போச்சு. உவவின்ரை மட்டும் பதினொரு சீப்பு!"

கேட்டிருந்த ஆறு பேரும் ஆழ்வாப்பிள்ளையோடு சேர்ந்து, கருவுக்கு உயிர் வருவது மூன்றாம் மாதத்திலா ஐந்தாம் மாதத்திலா என்று பின்னேரம் முழுவதும் வாதாடினார்கள். ஒருவர் சித்தாந்தத்தை இழுத்தார். இன்னொருவர் சீனாவை இழுத்தார். ஏழு பேரில் ஒருவர்கூடப் பிள்ளை பெற்றவர் அல்லர். அது வாதத்துக்கு ஒரு தடையாக இருக்கவில்லை.

அது ஓர் அருமையான காலம். போர் நடந்த குடாநாட்டுக்குள் அரசாங்கம் பொருட்களை விடவில்லை. மின்சாரம் இல்லை. தண்ணீர் இறைக்கும் மெஷினுக்கு மண்ணெண்ணெய் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டோம். பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தது. தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் ஊர்க்கதை மட்டும் எப்படியோ விடுபட்டுப்போயிருந்தது. அந்தக் கொப்பித் தாளின் மூலையில் கிழமைக்கு ஒரு பத்தி எழுதிவந்த நான், ஆழ்வாப்பிள்ளையின் பசளையைச் சரிபார்க்க, ஒன்பது ஒட்டுப்போட்ட சைக்கிள் ரியூப்போடு புறப்பட்டேன்.

மிசிக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. முப்பத்தொரு வருடம் அரசாங்க மருத்துவிச்சியாக இருந்து ஓய்வுபெற்றவர். மெலிந்த, கறுத்த உருவம். வெள்ளைச் சேலை. ஆண்கள் கட்டும் மணிக்கூட்டை, முகம் உள்ளங்கைப் பக்கம் பார்க்கக் கட்டியிருப்பார். யாரோடு கதைத்தாலும் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் கதைப்பார். பொய் சொன்னால், "நாடி ஓடுது, ஆறுதலாச் சொல்லும்" என்பார். இந்தப் பழக்கத்தால் ஊரில் பலர் அவரைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள்.

நான் படலையைத் திறந்தபோது எனக்கு முன்னால் ஒரு சைக்கிள் நின்றது. தேவராசா என்ற இளம் விவசாயி மனைவி கமலாவதியைக் கரியரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மிசி கமலாவதியின் கையைப் பிடித்து உள்ளே விட்டார். பின்னாலேயே போன தேவராசாவை வாசற்படியில் மறித்தார்.

"நீர் எங்கை வாறீர்? வாழைக்குத் தண்ணி விடவேணும். நாப்பது வாளி. எண்ணி இறையும்."

"மிசி, நாங்கள் வந்த விசயம்..."

"விசயம் இவளின்ரை வயித்திலை கிடக்கு. நீர் கிணத்தடிக்குப் போம்."

பிறகு என்னைப் பார்த்தார். "நீர் ஆர்? பெண்டுகள் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வரேல்லை. அப்ப பேப்பர்க்காரர்தான். மண்வெட்டியை எடுத்து வாய்க்காலைத் திருப்பிவிடும்."

வாழையின் பசளை எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அந்த வாசலுக்குப் பெண்ணைக் கூட்டிவரும் கணவன், தகப்பன், மாமியார் எவரும் நாற்பது வாளி இறைக்காமல் தப்ப முடியாது. நாற்பது வாளிக்கு முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். உள்ளே இருப்பவள் தன் வாயால் தன் கதையைச் சொல்ல அவ்வளவு நேரம் வேண்டும் என்பது மிசியின் கணக்கு.

தேவராசா கிணற்றுத் துலாவை ஆத்திரத்தோடுதான் இழுத்தார். "வாற மாதம் ஜேர்மனிக்கு வெளிக்கிடுறன் அண்ணை. ரெண்டு பிள்ளை இருக்கு. இந்த நேரத்திலை மூண்டாவது சரிவராது. நான் முடிவெடுத்திட்டன்."

"மனுசி என்ன சொல்லுறா?"

வாளி கிணற்றின் பாதியில் நின்றது. "அவளிட்டைக் கேக்கேல்லை," என்றார். வாளியை மேலே இழுத்து ஊற்றினார். பிறகு, "அண்ணை, எத்தினையிலை விட்டனான்?"

"இருபத்தாறு."

நாற்பதாவது வாளி வாய்க்காலில் ஓடி முடிய, கமலாவதி முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். "இஞ்சாருங்கோ, வீட்டை போவம். போற வழியிலை உங்களோடை கதைக்கவேணும்."

தேவராசா மிசியைப் பார்த்தார். "என்ன மாதிரி, மிசி?"

"அவள் சொல்லுவாள். நீர் சைக்கிளை மெதுவா உழக்கும்."

அவர்கள் போனதும் மிசி எனக்கு ஒரு மூக்குப்பேணி தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் தந்து, மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். நான் நேராகவே கேட்டேன். "நீங்கள் கலைச்சுக் குடுக்கிறனீங்கள் எண்டு ஊர் சொல்லுது."

"ஓம், சொல்லுது."

"உண்மையோ?"

"இண்டுவரைக்கும் ஒண்டுகூட இல்லை. கர்த்தர் சாட்சி."

"அப்ப இந்தக் கிழமையே எழுதுறன், அது பச்சைப் பொய்யெண்டு!"

மிசி என் கையை உதறினார். "எழுதினீரெண்டால் உம்மை உந்தக் கிணத்துக்கை தள்ளிப்போட்டுத்தான் எனக்கு மற்ற வேலை."

நான் பேணியை வைத்துவிட்டேன்.

"கேளும். செய்யிறவள் எண்டு நினைச்சுத்தான் உவளவை இந்தப் படலையைத் திறக்கிறாளவை. மிசி செய்யாள் எண்டு பேப்பரிலை போட்டீரோ, நேரை போவாளவை, அங்காலை கள்ளமாய்ச் செய்யிறவளிட்டை. போனவளிலை எத்தினை பேரைப் பிரேதமாய்க் காவிக்கொண்டு வந்தவை தெரியுமோ?"

முன்பு அவர் வாசலிலேயே மறித்து, பாவம் என்று ஏசித் துரத்திவிடுபவராம். எழுபத்திநாலில் நல்லம்மா என்று ஒருத்தியையும் அப்படித்தான் துரத்தினார். ஐந்து பிள்ளைகளின் தாய். "பத்தாம் நாள் அவளைக் குளிப்பாட்டிச் சீலை உடுத்திவிட என்னைத்தான் கூப்பிட்டவை." மிசி சேலைத் தலைப்பால் பேணியின் அடியைத் துடைத்தார். அது துடைக்கத் தேவையில்லாத பேணி. "பாவம்தான். நான் மாத்திக் கதைக்கேல்லை. ஆனால் செத்தவளோடை நியாயம் கதைக்கேலாது."

வந்தவர்களில் சிலர் பிள்ளையைப் பெற்றார்கள். சிலரை மிசியே பெரிய டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். தாயின் உயிருக்கு மோசமென்றால் மட்டும் சட்டம் வழிவிடும், அதை டொக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்பார். சிலர் இரண்டு வழிக்கும் வராமல் போய்விட்டார்கள். அவர்களுக்காக விடிய எழும்பிச் செபமாலை சொல்வார்.

"கமலாவதி எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். பத்திரிகைப் பழக்கம்.

"அது அவளின்ரை கதை. உமக்கு வாழைக்கதை காணும்."

அந்தக் கிழமை என் பத்தியில் நான் கொசுவைப் பற்றி எழுதினேன். நன்றாக வரவில்லை.

இப்போது மட்டும் எழுதலாமா? மக்டலீன் அவருடைய பெயர் அல்ல. பண்டத்தரிப்பு அவருடைய ஊரும் அல்ல. வாழை வளர்க்கும் ஓய்வுபெற்ற மருத்துவிச்சிகள் குடாநாட்டில் ஏராளம். தேடிப் போகிறவர்கள் எங்காவது நாற்பது வாளி இறைத்துவிட்டு வரட்டும். வாசிகசாலையில் விட்ட வாதத்துக்கு முடிவு கேட்பவர்களும் அப்படியே செய்யலாம். மூன்றாம் மாதமா ஐந்தாம் மாதமா என்று எனக்கு இன்றும் தெரியாது. துலாக்கயிறு பிடித்த கைகளோடு கேட்டால் கேள்வி வேறு மாதிரி வரும் என்பது மட்டும் தெரியும்.

ஒரு செய்தியைச் சரிபார்க்க ஓர் இடம் போதாது என்பதால், அந்தக் கொசுப் பத்திக்கு அடுத்த ஞாயிறு மிசியின் மாதா கோயிலுக்கும் போனேன். நான் சைவன். பின்னால் தூணோடு நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் தானாகவே விபரம் சொன்னார். ஊர்க்கதை குருவானவரின் காதுக்கும் போயிருந்தது. 'இந்தப் பாவத்தை நான் செய்வதில்லை' என்று மிசி ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், அதைப் பூசையில் வாசித்துவிடுவதாகக் குருவானவர் சொல்லியிருந்தார். வாசிக்கும்வரை மிசி நற்கருணை வாங்க வரக்கூடாது. குருவானவர் கெட்ட மனிதர் அல்லர். மிசியை எப்படியாவது மீட்டுவிடவேண்டும் என்ற தவிப்பு முகத்தில் தெரிந்தது.

பூசைக்கு முன் வாசலில் அவர் மிசியைக் கண்டு தாழ்ந்த குரலில் கேட்டார். "மக்டலீன், அந்த ஒரு வரி?"

"தாறன் பாதர். எழுதிக்கொண்டுதான் இருக்கிறன்."

"நாலு வருசமாச்சு."

"ஓம் பாதர். என்ரை கையெழுத்து வடிவில்லை."

நற்கருணை நேரம் வந்தது. இருக்கை வாங்குகளில் வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்தார்கள். மிசி எழவில்லை. கடைசி வாங்கின் கரையில் முழந்தாளில் நின்றவர், முட்டாக்கை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு, அதே வாங்கில் உள்ளே இருந்தவர்கள் பீடத்துக்குப் போக உடம்பை ஒரு பக்கம் சரித்து வழி விட்டார்.